பிரிந்து வாழும் பெண்ணும் கல்லூரி உதவித்தொகையும்

 

இன்றைய பேச்சு ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றியது. கல்லூரியில் படிக்க அரசு தரும் உதவித்தொகைக்கான படிவம் அது. அதில் பெயர் எழுத ஓர் இடம். பிறந்த தேதி எழுத ஓர் இடம். சாதி எழுத ஓர் இடம். பிறகு ஒரு கேள்வி வருகிறது.

"தந்தை அல்லது கணவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு?"

பலருக்கு இது எளிய கேள்வி. ஆனால் கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு? அவள் கை அங்கே நின்றுவிடுகிறது. கணவர் இருக்கிறார். ஆனால் உடன் இல்லை. அவருக்கு வருமானம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட அவளுக்கு வருவதில்லை. அவள் என்ன எழுதுவாள்?

இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். முதலில் ஒரு பழைய கதை. உண்மையில் நடந்த கதை.

ருக்மாபாயின் கதை

ருக்மாபாய் 1864-ஆம் ஆண்டு பிறந்தவர். பம்பாய் நகரில் வளர்ந்தவர். 11 வயதில் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். கணவர் பெயர் தாதாஜி பிகாஜி. ஆனால் ருக்மாபாய் கணவர் வீட்டுக்குப் போய் வாழவில்லை. தாயின் வீட்டிலேயே இருந்தார். வீட்டில் இருந்தபடியே நூல்களைப் படித்தார்.

சில ஆண்டுகள் போயின. தாதாஜி நீதிமன்றத்துக்குப் போனார். "என் மனைவியை என்னுடன் அனுப்புங்கள்" என்று வழக்குப் போட்டார். 1885-இல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தாதாஜி விடவில்லை. மேல்முறையீடு செய்தார். 1887-இல் வேறு நீதிபதி வேறு தீர்ப்புச் சொன்னார். கணவருடன் போய் வாழ வேண்டும், இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை என்றார்.

ருக்மாபாய் அஞ்சவில்லை. சிறைக்குப் போகவும் தயார் என்றார். நாடு முழுவதும் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1888-இல் சமரசம் ஏற்பட்டது. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு வழக்கை விட்டுவிட்டார்.

அடுத்து என்ன செய்தார் ருக்மாபாய்? மருத்துவம் படிக்க விரும்பினார். அதற்கு லண்டன் போக வேண்டும். பணம் வேண்டும். பம்பாயில் காமா மருத்துவமனையில் எடித் பீச்சி என்ற மருத்துவர் இருந்தார். அவர் ஊக்கம் தந்தார். பணம் திரட்டவும் உதவினார். 1889-இல் ருக்மாபாய் இங்கிலாந்து போனார். 1894-இல் படிப்பை முடித்தார். நாடு திரும்பிச் சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணி செய்தார்.

இந்தக் கதையில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ருக்மாபாய் தம் நிலையை மறைக்கவில்லை. வழக்கு நடந்தபோதே செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதினார். குழந்தை மணத்தின் கொடுமையை எழுதினார். படிக்கவும் எழுதவும் தெரிந்ததுதான் அவருடைய பலம்.

அன்று அவருக்கு உதவியது நல்ல மனிதர்களின் இரக்கம். இன்று நிலைமை வேறு. இன்று அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் படிவத்தில் அந்தக் கேள்வியும் இருக்கிறது.

வள்ளி என்ன செய்தாள்?

இனி ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு வள்ளி என்று பெயர் வைப்போம். வள்ளி பிளஸ் டூ படித்தவள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். 19 வயதில் திருமணம் ஆயிற்று. மூன்று ஆண்டு கழித்துத் தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அடியும் வசவும் தாங்க முடியவில்லை. விவாகரத்து ஆகவில்லை. வழக்கும் போடவில்லை.

வள்ளியின் தாய் இட்லிக் கடை வைத்திருக்கிறார். தந்தை இல்லை. தாய் பள்ளிக்கூடம் போகாதவர். மாலை நேர மையத்தில் சேர்ந்துதான் எழுத்துக் கற்றார். அவர் சொன்னார்: "நீ மேலே படி வள்ளி. கடையை நான் பாத்துக்கிறேன்."

வள்ளி கல்லூரியில் சேர்ந்தாள். உதவித்தொகைப் படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார் எழுத்தர்.

"ஆயிடுச்சு சார். ஆனா பிரிஞ்சு இருக்கோம்."

"அப்ப வீட்டுக்காரரோட வருமானச் சான்று வேணும்."

"அவர் தரமாட்டார் சார்."

"விவாகரத்துத் தீர்ப்பு இருக்கா?"

"இல்லை சார்."

"நான் என்னம்மா செய்ய முடியும்?"

வள்ளி வீடு திரும்பினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "கல்யாணம் ஆகலைன்னு போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

தாய் மறுத்துவிட்டார். "பொய்யைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கவா நான் எழுதப் படிச்சேன்?" என்றார்.

தாய் சொன்னது சரி. பொய்த் தகவல் தந்து உதவித்தொகை வாங்கினால் அதை ரத்து செய்ய விதியில் இடம் உண்டு. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். பிரிந்து வாழ்வது குற்றம் அல்ல. அதை மறைத்து எழுதுவதுதான் ஆபத்து.

விதி என்ன சொல்கிறது?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் நடந்து வருகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு உரியது அது. 2020-21 முதல் 2025-26 வரையிலான ஆண்டுகளுக்கு வருமான வரம்பு 2 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்.

யாருடைய வருமானம்? 2010-இல் திருத்திய விதிகளில் ஒரு குறிப்பு உண்டு. பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாணவி மணமானவராகவும் வேலை இல்லாதவராகவும் இருந்தால் கணவரின் வருமானத்தை எடுக்க வேண்டும். இதுதான் அந்தக் குறிப்பு. கணவர் உயிருடன் இருந்தால் என்ன செய்வது, இறந்துவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்கிறது. கணவர் உயிருடன் இருந்தும் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

எழுத்தர் கெட்டவர் அல்ல. அவர் விதியைப் பார்த்துச் சொன்னார். விதி பேசாத இடத்தில் விண்ணப்பம் செய்பவர்தான் பேச வேண்டும். எழுத்தில் பேச வேண்டும்.

திட்டங்கள் பல. விதிகளும் மாறும். ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "குடும்ப வருமானம்" என்றால் யார் யாருடைய வருமானம் என்று பாருங்கள்.

பிரிவில் மூன்று நிலை

அலுவலகத்தில் பேசும்போது சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். பிரிவில் மூன்று நிலை உண்டு.

ஒன்று, கணவனும் மனைவியும் தாமாகப் பிரிந்து வாழ்வது. நீதிமன்றத் தாள் எதுவும் இருக்காது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான்.

இரண்டு, நீதிமன்றம் வழியாகப் பிரிந்து வாழ்வது. இதற்கு நீதிமுறைப் பிரிவு என்று பெயர். இந்து திருமணச் சட்டம் 1955-இல் இதற்கு இடம் உண்டு. திருமணம் முறியாது. ஆனால் பிரிந்து வாழ்வதற்கு நீதிமன்றத் தாள் கிடைக்கும்.

மூன்று, விவாகரத்து. இதில் திருமணம் முடிந்துவிடும்.

வள்ளி முதல் நிலையில் இருக்கிறாள். நம் நாட்டில் மிகப் பல பெண்கள் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் தாளில் இல்லை. அலுவலகத்துக்கு ஊர் தெரியாது. தாள்தான் தெரியும்.

தாள்களைச் சேர்ப்பது எப்படி?

வள்ளியும் தாயும் ஒரு நாள் உட்கார்ந்து தாள்களைச் சேர்த்தார்கள். நீங்களும் இப்படிச் சேர்க்கலாம்.

முதலில் முகவரி. ரேஷன் கார்டில் கணவர் வீட்டுப் பெயரை நீக்கித் தாய் வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். ஆதாரிலும் முகவரியை மாற்ற வேண்டும்.

அடுத்து வருமானச் சான்று. தாசில்தார் அலுவலகத்தில் இது கிடைக்கும். இப்போது யாரை நம்பி வாழ்கிறோம் என்பதை அந்த விண்ணப்பத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

அடுத்து பிரமாணப் பத்திரம். எந்த மாதம் முதல் பிரிந்து வாழ்கிறார், கணவரிடமிருந்து பணம் வருகிறதா என்பதை எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு தாள்களும் உதவும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அதன் நகல். நீதிமன்ற மனு இருந்தால் அதன் நகல். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை "கணவனால் கைவிடப்பட்ட பெண்" என்று சான்றிதழ் தருகிறது. இ-சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பள்ளிச் சான்றிதழ்கள் கணவர் வீட்டில் மாட்டிக்கொண்டால்? இதுவும் பல பெண்களுக்கு நடக்கிறது. மதிப்பெண் சான்றுக்கு மறுநகல் கேட்டுப் பள்ளித் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி பெண்ணுக்கு உரிய பொருள்களைத் திருப்பித் தர நீதிபதி உத்தரவிடலாம். பாதுகாப்பு அலுவலரிடம் இதைச் சொல்லுங்கள்.

வள்ளி எழுதிய கடிதம்

எல்லாத் தாள்களுடனும் ஒரு கடிதம் வைக்க வேண்டும். வள்ளி இப்படி எழுதினாள்:

"கல்லூரி முதல்வர் அவர்களுக்கு வணக்கம். நான் இக்கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறேன். எனக்குத் திருமணம் ஆகியுள்ளது. ஓர் ஆண்டாகக் கணவரைப் பிரிந்து தாயின் வீட்டில் வாழ்கிறேன். விவாகரத்து ஆகவில்லை. கணவரிடமிருந்து எனக்குப் பணம் எதுவும் வருவதில்லை. அவர் வருமானச் சான்று தர மறுக்கிறார். என் தாயின் வருமானச் சான்றையும் பிரிந்து வாழ்வதற்கான சான்றுகளையும் இணைத்துள்ளேன். இவற்றை ஏற்று என் விண்ணப்பத்தை நலத்துறைக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ஏற்க இயலாது என்றால் எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரியைப் பாருங்கள். வாயால் "முடியாது" என்று சொல்வது எளிது. எழுத்தில் சொல்ல வேண்டும் என்றால் விதியைத் தேடிப் பார்க்க வேண்டும். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் போடச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி மனுப் போட்டு, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கைபேசியும் வங்கிக் கணக்கும்

இப்போது விண்ணப்பங்கள் கணினி வழியாகவே போகின்றன. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

வள்ளியின் ஆதாரில் கணவரின் கைபேசி எண் இருந்தது. இ-சேவை மையத்தில் எண்ணைத் தட்டினார்கள். ஓ.டி.பி. கணவருக்குப் போய்விட்டது! ஆகவே முதலில் ஆதார் மையத்துக்குப் போய் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. உதவித்தொகை ஆதார் வழியாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் எந்தக் கணக்கில் கடைசியாக இணைந்துள்ளதோ, அந்தக் கணக்குக்குத்தான் பணம் வரும். கணவருடன் சேர்ந்து தொடங்கிய கணக்கு என்றால் கவனம் தேவை. உங்கள் பெயரில் மட்டும் தனிக் கணக்குத் தொடங்குங்கள். அதில் ஆதாரை இணைக்கச் சொல்லுங்கள்.

பெயரையும் பாருங்கள். பள்ளிச் சான்றில் தந்தையின் இனிஷியல் இருக்கும். ஆதாரில் கணவரின் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் தடைப்படலாம். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

சட்ட உதவி இலவசம்

வள்ளியின் தாய்க்கு ஒரு கேள்வி எழுந்தது. "புருஷன் வருமானம் அவ கணக்குல வருதுன்னா, புருஷன் பணம் அவ கைக்கு வர வேணாமா?"

நல்ல கேள்வி. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அந்த மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்புத் தந்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன் மனைவி இருவருமே தங்கள் வருமானத்தையும் சொத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்றும் சொன்னது.

நீதிமன்ற உத்தரவு இரண்டு வேலை செய்யும். ஒன்று, பணம் வர வழி செய்யும். இரண்டு, பிரிந்து வாழ்வதற்குச் சான்றாக நிற்கும். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஜீவனாம்சம் வந்தால் அதுவும் வருமானம். அதைப் படிவத்தில் காட்ட வேண்டும்.

"வக்கீலுக்குப் பணம்?" என்று கேட்பீர்கள். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதைச் சொல்கிறது. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணையக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். அடி, மிரட்டல் என்றால் 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையத்தை அழைக்கலாம்.

கடன் வாங்கலாமா?

உதவித்தொகை தாமதமானால் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன வழி? வங்கியில் கல்விக் கடன் உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் தேவையில்லை. ஆனால் உடன் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். மணமான மாணவிக்குக் கணவர்தான் போட வேண்டும் என்பது இல்லை. பெற்றோரும் போடலாம். வள்ளிக்கு அவள் தாய் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு அல்ல, கையெழுத்து!

கடன் என்பது கடன்தான். படிப்பு முடிந்த பிறகு வட்டியுடன் கட்ட வேண்டும். தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

இங்கே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மாரும் இருப்பீர்கள். கணவர் உடன் இல்லை. பிள்ளைக்கு "அப்பா கையெழுத்து வேண்டும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் அவன் விண்ணப்பத்தில் அவனே கையெழுத்துப் போடலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வழக்கை நினைவில் வையுங்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளர் இடத்தில் தாமே கையெழுத்துப் போட்டார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று வங்கி சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999-இல் தீர்ப்பு வந்தது. தந்தை பிள்ளையின் பொறுப்பில் இல்லாதபோது, அவர் உயிருடன் இருந்தாலும் தாயே இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

அதுவும் ஒரு விண்ணப்பப் படிவத்தில் தொடங்கியதுதான்!

முடிவாக

வள்ளியின் விண்ணப்பம் என்ன ஆயிற்று? நலத்துறைக்குப் போயிருக்கிறது. முத்திரை போட்ட நகல் அவளிடம் இருக்கிறது. அது ஏற்கப்படலாம். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பாள். அடுத்த ஆண்டு நீதிமன்ற உத்தரவையும் சேர்த்து மறுபடி விண்ணப்பிப்பாள். இதற்கிடையில் அவள் வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இடையில் நின்றுவிடவில்லை. அதுதான் முக்கியம்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் ஒரு வள்ளி இருக்கலாம். "வாழாவெட்டிக்குப் படிப்பு எதற்கு?" என்று யாராவது அவளைக் கேட்டிருக்கலாம். அந்தச் சொல்லை இனி யாரும் சொல்ல விடாதீர்கள். அவளுடன் அலுவலகத்துக்குப் போங்கள். படிவத்தை நீங்களும் படியுங்கள். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். உண்மையை எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்கச் சொல்லுங்கள்.

நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தான்.